ஷீட் அடிப்பதும் ஷீட் போடுவதும்

ரப்பர்த் தோட்டங்கள் நிறைந்த குமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கம் ஒருவர் இன்னொருவரிடம் "ஷீட் அடிச்சாச்சா?" என்று கேட்டால் பேச்சு ரப்பரைப் பற்றியது. "ஷீட் போட்டாச்சா?" என்றால் மொட்டைமாடிக்கு மேலே கூரை ஏறிவிட்டதா என்று பொருள். "எத்தனை ஷீட் வாங்கின?" என்பது பரீட்சை எழுதிவிட்டு வரும் பிள்ளையிடம் கேட்பது. "ஷீட்டை விரி" என்றால் கட்டில். நான்கிலும் பெயர்ச்சொல் அதேதான். கூட வரும் வினைதான் இது எந்த ஷீட் என்று காட்டிக்கொடுக்கிறது.

வினையும் போதாத இடத்தில் அளவு வந்து உதவும். கிலோக் கணக்கில் விற்றால் தோட்டத்து ரப்பர். அடிக்கணக்கென்றால் கூரை. எட்டுக்கு நாலு என்றால் பிளைவுட். கனத்தைக் குறிக்கும் கேஜில் சொன்னால் பாலித்தீனாகவும் இருக்கலாம், இரும்புத் தகடாகவும் இருக்கலாம். அங்கே ஒரு பொறி இருக்கிறது, பிறகு வருகிறேன். ஆங்கிலத்தில் இந்தச் சொல் முதலில் துணியைக் குறித்தது. பிறகு அகலமாய், மெல்லிசாய், தட்டையாய் இருக்கிற எதுவும் ஷீட் ஆயிற்று: காகிதம், தகடு, பனிப்பாளம், வானத்தில் கோடாக இல்லாமல் பரவலாக வெளிச்சம் காட்டும் மின்னல், கொட்டுகிற மழை. ஒரே ஒரு பொருள் மட்டும் இந்தக் கூட்டத்தில் சேராது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

குமரி மாவட்டத்தில் ஷீட் என்றால் முதலில் ரப்பர்தான். மரப்பட்டையை வெட்டிவிட்டுச் சிரட்டையில் வடிய விட்ட பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மீதியில் பெரும்பகுதி தண்ணீர். அந்தப் பங்கு மரத்துக்கு மரம், பருவத்துக்குப் பருவம் மாறும். ஒரு ஷீட்டுக்கு அரை கிலோ ரப்பர் என்பது வழக்கமான கணக்கு. முப்பத்துமூன்று சதவீதப் பால் என்றால் ஒன்றரை லிட்டரில் அரை கிலோ இருக்கும். அதில் இரண்டரை லிட்டர் தண்ணீர் சேர்த்து நாலு லிட்டராக்கினால் ரப்பரின் அளவு பன்னிரண்டரை சதவீதத்துக்கு இறங்கும். ஷீட்டுக்குச் சரியான பதம் அதுதான். பாலை அப்படியே ஊற்றிவிட்டால் தடித்த ஷீட் வரும், ரோலரில் எளிதில் இறங்காது, உள்ளே ஈரம் நிற்கும், பாலில் இருந்த மண்ணும் தூசியும் அடியில் படியாமல் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். தண்ணீர் கூடிப்போனால் ஷீட் பஞ்சு மாதிரி தொளதொளத்துவிடும். மழைநாளில் சிரட்டையிலேயே தண்ணீர் விழுந்திருக்கும். அன்றைக்கும் வழக்கம்போல இரண்டரை லிட்டர் ஊற்றுகிறவர்கள்தான் ஷீட் ஏன் கிழிகிறது என்று கேட்பவர்கள். பாலின் அடர்த்தியைப் பார்க்க மெட்ரோலாக் என்று ஒரு மிதவைக் கருவி உண்டு. அது இல்லாத இடத்தில் கைப்பழக்கம்தான் கணக்கு.

பாலை முதலில் பெரிய கண் சல்லடையிலும் பிறகு சிறிய கண் சல்லடையிலும் வடிகட்ட வேண்டும். நாற்பது மெஷ், அறுபது மெஷ் என்று கேட்டால் கடையில் தருவார்கள். தண்ணீர் கலந்த பால் பத்துப் பதினைந்து நிமிடம் அசையாமல் நின்றால் மணல் அடியில் இறங்கிவிடும். மேலாக எடுத்து அலுமினிய டிஷ்ஷில் ஊற்றிய பிறகுதான் ஆசிட். அரை கிலோ ரப்பருக்கு ஏறக்குறைய 2 மில்லி ஃபார்மிக் ஆசிட் போதும். அதை நேராக ஊற்றக் கூடாது. 400 மில்லி தண்ணீரில் ஆசிட்டைக் கலந்து, அந்தக் கலவையைப் பாலில் ஊற்றி மெதுவாகக் கிளற வேண்டும். கிளறும்போது எழும் நுரையை வழித்தெடுக்காமல் விட்டால் நாளைக்கு ஷீட்டில் குமிழ்க் குமிழாகத் தெரியும். ஆசிட் ஒரே இடத்தில் விழுந்தால் அங்கே மட்டும் முந்தி உறைந்து கட்டி தட்டும். கூடிப்போனால் ஷீட் விறைத்து, காய நாளாகும். குறைந்தால் மறுநாள் காலையிலும் டிஷ்ஷில் வெள்ளைத் தண்ணீர் நிற்கும்; அந்த வெள்ளை ரப்பர்தான், வாய்க்காலில் போகிறது. விலை குறைவென்று சல்ஃப்யூரிக் ஆசிட்டை எடுப்பவர்களும் உண்டு. ரோலர் அரிக்கும், ரப்பரின் தரம் இறங்கும். மிச்சம் பிடித்த காசு தரம்பிரிக்கும் இடத்திலேயே போய்விடும்.

பால் கலக்க செம்பும் பித்தளையும் ஆகாது. செம்பின் துளி கலந்தாலும் ரப்பர் காலப்போக்கில் பிசுபிசுத்துப்போகும். வீட்டில் பழைய பித்தளை அண்டா சும்மா கிடக்கிறதே என்று யாருக்காவது தோன்றினால் அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது.

அடிப்பது என்கிற வினை அடுத்த கட்டத்தில் வருகிறது. உறைந்த கட்டியை முதலில் வழுவழுப்பான ரோலரில் இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் இடைவெளியைக் குறைத்துக்கொண்டே விட வேண்டும். பிறகு வரிவெட்டிய ரோலரில் ஒரு தடவை. கடைசியில் கனம் 3 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அந்த வரிகள் அழகுக்கு இல்லை. வரி விழுந்தால் காற்றுப்படும் பரப்பு கூடும், சீக்கிரம் காயும், அடுக்கினாலும் ஒன்றோடொன்று ஒட்டாது. அடித்ததும் நன்றாகக் கழுவி நிழலில் இரண்டு மூன்று மணி நேரம் நீர் வடிய விட்டு, அன்றைக்கே புகைக்கு ஏற்ற வேண்டும். நாள் கடத்தினால் பூஞ்சை பிடிக்கும்.

புகைக்கூடத்தில் முதல் நாள் நாற்பது, நாற்பத்தைந்து டிகிரி. காற்றுவழி திறந்திருக்க வேண்டும், ஈரம் வெளியேற. பிறகு படிப்படியாக ஏற்றி அறுபதில் நிறுத்தலாம். நாலைந்து நாளில் காய்ந்துவிடும். அவசரப்பட்டு முதல் நாளே விறகைத் திணித்துச் சூடேற்றினால் மேல்தோல் காய்ந்து மூடிக்கொள்ளும், உள்ளே மாட்டிய ஈரம் கொப்புளமாக எழும்பும். தினமும் ஷீட்டை நகர்த்திப் போடாவிட்டால் கம்பு பட்ட இடத்தில் காயாத தழும்பு நிற்கும். புகை எதற்கு, வெயில் போதாதா என்றால் போதாது. புகை பூஞ்சையைத் தடுக்கிறது. வெயிலோ ரப்பரின் எதிரி. நேர்வெயிலில் நெடுநேரம் கிடந்த ஷீட் கையில் ஒட்டும்.

தரம்பிரிப்பு முழுக்கக் கண்பார்வைதான். ஆர்.எஸ்.எஸ். என்பது வரிபோட்டுப் புகையூட்டிய ஷீட் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். 1 எக்ஸ் என்பது உச்சி, அதன்பின் 1 முதல் 5 வரை இறங்கும். ஷீட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் தேன்நிறத்தில் ஒளி ஊடுருவ வேண்டும். நடுவில் வெள்ளையாகப் புள்ளி தெரிந்தால் ஈரம். மணல், மரப்பட்டைத் துணுக்கு, குமிழ், பூஞ்சை, கருகல் ஒவ்வொன்றும் தரத்தை ஒரு படி இறக்கும். பத்திரிகைகளில் கோட்டயம் விலை என்று, அதாவது கேரளத்தின் கோட்டயம் சந்தையில் ரப்பர் விலை என்று வருவது பெரும்பாலும் ஆர்.எஸ்.எஸ். 4. ஆகவே விலைப்பட்டியலில் ரப்பர் ஏறியிருக்கிறது என்று படித்துவிட்டு, வெள்ளைப்புள்ளியோடு ஷீட்டைக் கொண்டுபோய் அதே விலையைக் கேட்பதில் பயனில்லை.

இதே "ரப்பர் ஷீட்" என்ற சொல்லோடு மருந்துக்கடைக்குப் போனால் கிடைப்பது வேறு. படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு, பிரசவித்த பெண்ணுக்கு, கைக்குழந்தைக்கு அடியில் விரிக்கும் நீர்புகாத விரிப்பு அது. செவிலியர் பாடத்தில் அதற்கு மெக்கிண்டாஷ் என்று பெயர். ரப்பரை நாஃப்தா என்ற கரைப்பானில் கரைத்து இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி 1823இல் காப்புரிமை வாங்கிய சார்லஸ் மெக்கிண்டாஷின் பெயர்தான். அதன் மேல் ஒரு துணி விரிப்பார்கள், அதன் பெயர் டிரா ஷீட். ஆக ஒரே கட்டிலில் மேலிருந்து கீழே மூன்று ஷீட்: துணி, ரப்பர், மறுபடி துணி. மெக்கிண்டாஷை மடித்துவைத்தால் மடிப்பில் வெடிக்கும். சோப்புப் போட்டுக் கழுவி, நிழலில் உலர்த்தி, பவுடர் தூவிச் சுருட்டித்தான் வைக்க வேண்டும். வெயில் இங்கேயும் ஆகாது.

மூன்றாவது ரப்பர் ஷீட் ஹார்டுவேர் கடையில். மோட்டாருக்கும் குழாய் இணைப்புக்கும் வாஷர் வெட்டுவதற்கு மில்லிமீட்டர் சொல்லி வாங்குவது. கனம் மட்டும் சொன்னால் போதாது, எந்த ரப்பர் என்றும் சொல்ல வேண்டும். நம் தோட்டத்து இயற்கை ரப்பர் தண்ணீருக்கு நன்றாகத் தாங்கும். டீசலும் ஆயிலும் பட்டால் ஊதிப்போகும். படகு எஞ்சினுக்கு எண்ணெய் படும் இடமென்றால் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர். வெயிலும் மழையும் படும் இடமென்றால் ஈ.பி.டி.எம். என்ற இன்னொரு செயற்கை ரப்பர். அழுத்தம் கூடுதலான இணைப்புக்கு நடுவே துணி வைத்த இன்செர்ஷன் ஷீட். குளச்சலிலும் சின்னமுட்டத்திலும் எஞ்சின் பழுதுபார்க்கிறவர்களுக்கு இது பாலபாடம். வீட்டு மோட்டாருக்கு வாங்குகிறவர்கள்தான் கறுப்பாக இருந்தால் எல்லாம் ரப்பர் என்று நினைக்கிறார்கள்.

தோட்டத்திலேயே இன்னொரு ஷீட்டும் இருக்கிறது. மழைக்காலத்தில் பால்வெட்டு நிற்காமல் இருக்க, பாலுக்காகப் பட்டையை வெட்டிய இடமான வெட்டுமுகத்துக்கு மேலே மரத்தைச் சுற்றிப் பாவாடை மாதிரி கட்டும் பாலித்தீன். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும் மாவட்டம் இது. அந்தப் பாவாடை இல்லாவிட்டால் வருஷத்தில் எத்தனையோ வெட்டுநாள் வீணாகும். தார்க்கலவை தடவி, சுருக்கம்வைத்து ஒட்டி, மேலே துணிநாடா வைத்து இறுக்குவார்கள். பட்டையைச் செதுக்கிச் சமப்படுத்தாமல் ஒட்டினால் இடுக்கில் நீர் கசியும். வெட்டுமுகத்தில் தண்ணீர் வழிந்தால் பால் சிரட்டைக்கு வராமல் பட்டையெல்லாம் பரவி வீணாகும்.

அந்தப் பாலித்தீன் கேஜில் வரும். நூறு கேஜ் என்பது 25 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). முந்நூறு கேஜ் 75 மைக்ரான். எண் ஏறினால் கனம் ஏறும். இதே "கேஜ்" என்ற சொல்லோடு இரும்புக்கடைக்குப் போனால் கணக்கு தலைகீழ். 24 கேஜ் தகடு 0.56 மில்லிமீட்டர், 26 கேஜ் 0.46, 28 கேஜ் 0.38. எண் ஏற ஏறத் தகடு மெலியும். தார்ப்பாய்க்குக் கேஜ் கூட்டிக் கேட்டுப் பழகியவர் தகட்டுக்கும் கூட்டிக் கேட்டால் வீட்டுக்கு வருவது தேங்காய் விழுந்தால் நசுங்குகிற சாமான். அதனால் தகடு வாங்கும்போது கேஜை விட்டுவிட்டு மில்லிமீட்டரில் பேசுவதே புத்தி. அதிலும் பெயின்ட் அடித்து வரும் கூரைத் தகடான கலர் ஷீட்டில் இன்னொரு சூட்சுமம்: கடைக்காரர் சொல்லும் கனம் பூச்சையும் பெயின்டையும் சேர்த்த மொத்தம். உள்ளே இருக்கும் இரும்பு அதைவிட மெலிசு. "அண்ணாச்சி, பூச்சு நீக்கி இரும்பு மட்டும் எத்தனை?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், பேரம் வேறு மாதிரி நடக்கும்.

கூரை ஷீட்டில் குமரிக்கு மூன்று எதிரிகள்: காற்று, உப்பு, தேங்காய். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றைச் சொல்ல வேண்டியதில்லை. முப்பந்தலில் காற்றாலைகள் நிற்பதே அதற்காகத்தான். ஷீட் வேய்வதைக் காற்று வரும் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கக் கூடாது, எதிர்ப்பக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அப்போதுதான் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் ஓரம் காற்றுக்கு முதுகு காட்டி நிற்கும். மேலிருக்கும் ஷீட்டின் வாய் காற்றைப் பார்த்திருந்தால் நுனி தூக்கும், ஆணி தளரும், ஒருநாள் ஷீட் அடுத்த வீட்டுத் தோப்பில் கிடக்கும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் இந்த மாவட்டத்தில் கூரைகளையும் ரப்பர் மரங்களையும் சேர்த்தே சாய்த்தது.

மேல் ஷீட்டும் கீழ் ஷீட்டும் 15 சென்டிமீட்டராவது ஏறியிருக்க வேண்டும். சாய்வு குறைந்தால் இன்னும் கூட. ஆஸ்பெஸ்டாஸில் துளை அலையின் மேட்டில் வர வேண்டும், பள்ளத்தில் அல்ல. பள்ளத்தில்தான் தண்ணீர் ஓடும். சுத்தியலால் குத்தித் துளை போட்டால் மயிரிழை விரிசல் விழுந்து அடுத்த மழையில் கசியும். ஆஸ்பெஸ்டாஸை வெட்டும்போதும் துளையிடும்போதும் பறக்கும் தூசு நுரையீரலுக்குக் கேடு, வருஷங்கள் கழித்துத்தான் நோய் தெரியும். புதிதாகப் போடுகிறவர்கள் அதன் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. தகட்டில் ஸ்க்ரூவை வாஷர் பிதுங்கும்வரை முறுக்குவது பொதுவான தப்பு. ரப்பர் வாஷர் நசுங்கி வெடித்துவிடும். துளையிட்ட இரும்புத்தூளைப் பெருக்காமல் விட்டால் இரண்டு நாளில் துருப்புள்ளி பூக்கும், அது ஷீட்டையும் அரிக்கும். கடலோர ஊர்களில் வெட்டிய ஓரத்தில்தான் துரு முதலில் பிடிக்கும். அங்கே பெயின்ட் ஒரு கை கொடுத்துவிட வேண்டும்.

பால் வற்றிய ரப்பர் மரம் இருபத்தைந்து முப்பது வயதில் வெட்டப்படுகிறது. அதன் தடியைச் சீவி அடுக்கி ஒட்டினால் பிளைவுட் ஷீட். கேரளத்தில் பெரும்பாவூர் ஆலைகளுக்கு ரப்பர் தடிதான் முக்கியச் சரக்கு. ஒரே மரம் இரண்டு வகை ஷீட் கொடுத்துவிட்டுப் போகிறது.

பெட்ஷீட்டில் ஒரு சின்னக் குழப்பம் தமிழ்நாடு முழுக்கவே உண்டு. ஆங்கிலத்தில் அது மெத்தைமேல் விரிப்பது. நம் வீடுகளில் பலர் போர்த்திக்கொள்வதையும் பெட்ஷீட் என்கிறார்கள். விரிப்பதற்கு பெட் கவர் என்று வேறு பெயர். ஆன்லைனில் வாங்கும்போது இது இடிக்கும், போர்வை எதிர்பார்த்தவருக்கு மெல்லிய விரிப்பு வந்து சேரும். இரட்டைக் கட்டிலுக்கு 90க்கு 100 அங்குலம் வழக்கமான அளவு. மெத்தை ஆறங்குலத்துக்கு மேல் உயரமென்றால் 108க்கு 108 பார்ப்பது நல்லது. பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும்.

காகிதத்தில் ஷீட் வேறு, பக்கம் வேறு. ஒரு ஷீட்டுக்கு இரண்டு பக்கம். ஜெராக்ஸ் கடையில் இருபது பக்கம் என்பதை இருபது ஷீட் என்றால் செலவு கூடும். ரீம் என்பது 500 ஷீட். 80 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள ஏ4 தாள் ஒன்று ஐந்து கிராம், ஆக ரீம் இரண்டரை கிலோ. கட்டைப் பிரிக்காமலே எடைபோட்டு எண்ணிக்கையைச் சரிபார்க்கலாம். பரீட்சையில் வட்டத்தைக் கறுப்பாக்கி விடை தரும் ஓ.எம்.ஆர். ஷீட்டை மடிக்காதே என்பதற்குக் காரணம் ஓரத்தில் உள்ள கறுப்புக் குறிகள். இயந்திரம் அவற்றை வைத்துத்தான் வட்டங்கள் எங்கே இருக்கின்றன என்று கணக்கிடுகிறது, மடிப்பு விழுந்தால் கணக்கு பிசகும்.

நிறுவனத்தின் சொத்தையும் கடனையும் காட்டும் பேலன்ஸ் ஷீட்டும் போலீஸ் தாக்கல் செய்யும் சார்ஜ் ஷீட்டும் ஷீட் என்ற பெயரோடு பல பக்கங்கள் ஓடும். இரண்டாவது எத்தனை நூறு பக்கமானாலும் ஷீட்தான். சட்டத்தில் அதன் பெயர் காவல் அறிக்கை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 173ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 193ஆம் பிரிவு. கைதானவர் காவலில் இருக்கும்போது குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் அது தாக்கலாகாவிட்டால் ஜாமீன் கேட்கும் உரிமை பிறக்கும். வரைபடத்தில் டோப்போ ஷீட் உண்டு, நிலத்தின் மேடுபள்ளத்தைக் காட்டும் தாள் அது. நம் மாவட்டம் 58 எச் என்ற தொகுதிக்குள் வருகிறது. நான்கு டிகிரிக்கு நான்கு டிகிரி கட்டத்துக்கு எண், அதற்குள் ஒரு டிகிரிக் கட்டத்துக்கு எழுத்து என்பது அதன் முறை.

எழுத்தில் வரும் தொல்லை தனி. கிரந்த எழுத்தைத் தவிர்ப்பவர்கள் ஷீட்டையும் பஸ்ஸில் பிடிக்கும் சீட்டையும் ஒன்றாகவே எழுதுவார்கள். ஏற்கனவே தமிழில் சீட்டு இருக்கிறது: மாதாமாதம் கட்டுவது, ஆடுவது, மருத்துவமனையில் வரிசையில் நின்று எடுப்பது. "சீட்டு போட்டாச்சு" என்றால் கூரையா, பணமா, பேருந்தில் துண்டு போட்டதா என்று தெரியாது. இந்த ஒரு சொல்லுக்காகவாவது ஷகரத்தை வைத்துக்கொள்ளலாம்.

கூட்டத்தில் சேராத அந்தப் பொருளுக்கு வருவோம். ஆங்கிலேயக் கடலோடிக்கு ஷீட் என்பது பாய் இல்லை, பாயின் கீழ்மூலையில் கட்டிய கயிறு. துணியின் மூலையைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது, மூலையின் பெயர் கயிற்றுக்கு ஒட்டிக்கொண்டது. தமிழ் அகராதிகள் இதற்குத் தாமான் என்று ஒரு சொல் தருகின்றன. காற்று எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதை முடிவுசெய்வது அந்தக் கயிறுதான். இழுத்தால் பாய் விறைக்கும், விட்டால் படபடக்கும். மூன்று ஷீட்டும் காற்றில் என்று ஆங்கிலத்தில் சொன்னால் நிலைதெரியாமல் குடித்தவன் என்று பொருள். கயிறுகள் எல்லாம் அவிழ்ந்து பாய் தன் இஷ்டத்துக்கு அடிக்க, கப்பல் தள்ளாடுவதைச் சொல்கிறார்கள். இதை மூன்று போர்வை காற்றில் பறந்தது என்று மொழிபெயர்ப்பவர் கயிற்றைக் கோட்டைவிட்டவர்.